திட்டமில்லாமல் செய்யப் பழகுவது எப்படி

பாடகர் மோகன ராக ஆலாபனையை முடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். வயலின் தந்தியில் வில்லை வைத்தேன். இரண்டாவது பிடியிலேயே (பிடி என்றால் ராகத்தின் ஒரு சின்னச் சொற்றொடர் மாதிரி) 'டங்' என்று பஞ்சமத் தந்தி அறுந்து, சுருண்டு வந்து மணிக்கட்டில் அடித்தது. வயலினில் அதுதான் முதல் தந்தி. எங்கள் வாசிப்பில் பாதிக்கு மேல் அதில்தான் நடக்கும். மாற்றுத் தந்தி பெட்டியில் இருந்தது, பெட்டி மேடைக்குப் பின்னால் இருந்தது. பாடகர் என்னைப் பார்த்தார், நான் மிருதங்கக்காரரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார்.

சரி என்று அடுத்த தந்திக்கு, மத்திய ஸட்ஜத்துக்கு, கையை நகர்த்தினேன். பஞ்சமத் தந்தியில் கை நகராமல் கிடைக்கும் ஸ்வரங்களை எல்லாம் ஸட்ஜத் தந்தியில் பலகை மேல் ஏறி ஏறிப் பிடிக்க வேண்டும். ஒரு தந்தி அறுந்தால் மற்ற மூன்றும் கொஞ்சம் சுருதி விலகும், அதையும் விரலாலேயே சரிக்கட்ட வேண்டும். வேகமான பிடிகள் எல்லாம் போயின. நீளமான இழுப்புகளும், விரலை வழுக்கி வாசிக்கும் ஜாருகளும் மட்டுமே மிஞ்சின. ஐந்து நிமிடம் அப்படியே வாசித்து ஸட்ஜத்தில் வந்து நின்றேன்.

கச்சேரி முடிந்ததும் ஒருவர் வந்து, "அந்த நேரத்துல எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எதுவும் தோன்றவில்லை. சின்ன வயதில் என் குரு ஒரு வருடம் முழுக்க ராகங்களை ஒற்றைத் தந்தியில் மட்டும் வாசிக்க வைத்தார். அப்போது அது தண்டனை மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்த ஒரு வருடம்தான் வாசித்தது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வருடத்தை எப்படிச் சேர்த்து வைப்பது என்பதைப் பற்றியது. இசைக்காரர்களுக்கு மட்டும் எழுதவில்லை. திடீரென்று மைக்கைக் கையில் கொடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்களையும், கதை கேட்டு உயிரை எடுக்கும் குழந்தைகள் உள்ளவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எதை எதோடு குழப்புகிறோம்

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது, நல்லவேளை. பாட்டில் நடந்தால் மனோதர்மம். பாட்டு கட்டுவதில் நடந்தால் ஆசுகவி. பேச்சிலும் நடத்தையிலும் நடந்தால் சமயோசிதம். கையில் கிடைத்த கயிற்றையும் கம்பியையும் வைத்துக் காரியத்தை முடித்தால் ஒப்பேற்றுவது. நாலும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒப்பேற்றுவதற்கு மட்டும் நம் ஊர்ப் பேச்சில் கொஞ்சம் மரியாதை குறைவு. "ஏதோ ஒப்பேத்தினேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டுதான் சொல்வோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுந்த தந்தியோடு நான் செய்தது சுத்தமான ஒப்பேற்றல். கேட்டவர்தான் அதை மனோதர்மம் என்றார்.

இந்தக் குடும்பத்தில் சேராத ஒருவரும் உண்டு. தயார் செய்யாமல் வந்துவிட்டு, "எனக்கு எல்லாம் ஸ்பாட்டுலதான் வரும்" என்று சொல்பவர். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், இவருக்கு ஒத்திகை கோணல்.

முதலில் முடிவைப் பிடியுங்கள்

எல்லோரும் எங்கே தொடங்குவது என்று தவிக்கிறார்கள். என் அனுபவத்தில் தொடக்கம் பெரிய விஷயமே இல்லை, எங்கே வந்து சேர வேண்டும் என்பதுதான் கேள்வி.

காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் ஒரு வெண்பாவைப் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிய வேண்டும், ஆனால் முருகனைப் பற்றிய பாட்டாக இருக்க வேண்டும் என்று மடக்கினார்களாம். அவர் 'செருப்புக்கு' என்று தொடங்கினார். செரு என்றால் போர், செருப் புக்கு என்றால் போர்க்களத்துக்குள் புகுந்து. கடைசியில் தாமரை மேல் இருக்கும் வண்டைக் கூப்பிட்டு, அவனைத் தழுவும் வழியை விளக்குமாறு கேட்டுப் பாட்டை முடித்துவிட்டார். காலில் போடுவதும் வீடு கூட்டுவதும் போன இடம் தெரியவில்லை.

அதைப் பாடியவர் மேதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சவாலையே ஒரு தரம் உற்றுப் பாருங்கள். முதல் சொல் தெரியும், கடைசிச் சொல் தெரியும். வெண்பா என்பதால் முதல் மூன்று அடிக்கு நாலு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்றே சீர் என்பதும் தெரியும். மடக்குவதாக நினைத்தவர்கள் உண்மையில் சுற்றுச்சுவரைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நானாக இருந்தால் 'விளக்குமாறு'வை உடைத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித்தான் வருவேன். 'எதைப் பற்றி வேண்டுமானாலும் ஒரு பாட்டுப் பாடு' என்று கேட்டிருந்தால் யாரும் வாயைத் திறப்பதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும்.

பாட்டின் ஒரு வரிக்கு மேடையிலேயே ஸ்வரம் கட்டும் கற்பனை ஸ்வரத்திலும் இதே கதைதான். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம் (எண்ணிக்கை). அட்சரத்துக்கு நாலு மாத்திரை என்று வைத்தால் 32 மாத்திரை. பாட்டின் வரி சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், தொடங்குகிறது என்றால், நான் எங்கே சுற்றினாலும் சமத்தில் வந்து இறங்க வேண்டும். கேட்பவர் கைதட்டுவது அந்த இறக்கத்துக்குத்தான். மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு இது. ததிகிணதொம், ஐந்து மாத்திரை. ஒரு மாத்திரை இடைவெளி. மறுபடி ததிகிணதொம், இடைவெளி, ததிகிணதொம். கூட்டினால் 17. முப்பத்திரண்டில் 17 போனால் மிச்சம் 15. ஆக, முதல் 15 மாத்திரைக்கு மனம் போனபடி திரியலாம். பதினாறாவதில் அந்தப் பதினேழு என்ற பேருந்தைப் பிடித்துவிட்டால் அது தானாகச் சமத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

முதலில் பதினேழை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி பழக வேண்டும். அது வந்த பிறகு பாருங்கள், அந்தப் பதினைந்தில் பயம் இருக்காது. பயம் இல்லாத இடத்தில்தான் புதிதாக ஏதாவது வருகிறது.

இசை தெரியாதவர்களுக்கு இதே பயிற்சி பேச்சில். யாராவது "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கூப்பிட்டால், நாற்காலியிலிருந்து மைக் வரை நடக்கும் நேரத்தில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கடைசி வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். முதல் வாக்கியம் வணக்கம்தானே, அது வந்துவிடும். ஒரு மூத்த கலைஞரின் பாராட்டு விழாவில் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள். நடக்கும்போது நான் பிடித்த கடைசி வாக்கியம்: "அவர் அன்னைக்குப் பாதியா உடைச்சுக் கொடுத்த ரோசின் கட்டி இன்னும் என் பெட்டியில இருக்கு." இதை நோக்கிப் பேச வேண்டும் என்றால் ரோசின் (வில்லில் தடவும் பிசின்) ஏன் கேட்டேன், எங்கே கேட்டேன், அவர் ஏன் முழுசாகக் கொடுக்காமல் பாதியை உடைத்தார் என்று சொல்லியாக வேண்டும். பேச்சு தானாக வந்துவிட்டது. மூன்று நிமிடம்தான். மற்றவர்கள் இருபது நிமிடம் பேசினார்கள், ஏனென்றால் எங்கே இறங்குவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

சரக்கைக் குறையுங்கள்

மூன்றே ஸ்வரம். ஸ, ரி, க. இதை வைத்து ஐந்து நிமிடம் பாடுங்கள் அல்லது வாசியுங்கள். நாலாவது ஸ்வரத்தைத் தொடக் கூடாது. முதல் நிமிடம் ஜாலியாகப் போகும். இரண்டாவது நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோன மாதிரி இருக்கும், கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். அங்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது நிமிடத்தில், ஸ்வரம் தீர்ந்துபோனதால், வேறு எதையாவது மாற்றத் தொடங்குவீர்கள். சத்தத்தைக் குறைப்பீர்கள், ஒரு ஸ்வரத்தில் வேண்டுமென்றே தாமதிப்பீர்கள், நடுவில் மௌனம் வைப்பீர்கள். அதுதான் நமக்கு வேண்டியது.

எழுதுகிறவர்கள் ஓர் அறையில் உள்ள மூன்று பொருளை மட்டும் வைத்து ஒரு பக்கம் எழுதலாம். வரைகிறவர்கள் ஒரே பென்சில், அழிப்பான் இல்லாமல். ஆடுகிறவர்கள் இடுப்புக்கு மேல் மட்டும். எதைத் தடுப்பது என்பது உங்கள் விருப்பம், ஆனால் தடுத்தே ஆக வேண்டும்.

எந்தச் சரக்கு எதைத் தாங்கும் என்று பார்ப்பதும் இதில் சேர்த்தி. 1747-ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கிடம் ஒரு மெட்டைக் கொடுத்து அந்த இடத்திலேயே ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) வாசிக்கச் சொன்னார். பாக் வாசித்தார். அதே பாணியில் ஆறு குரலுக்கு வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, எல்லா மெட்டும் அத்தனை குரலைத் தாங்காது என்று, பாக் தனக்கு வசதியான வேறொரு மெட்டை எடுத்துக்கொண்டு ஆறு குரலில் வாசித்துக் காட்டினார். மன்னரின் மெட்டுக்கு ஆறு குரலை ஊருக்குத் திரும்பிப் பிறகு உட்கார்ந்து எழுதி அனுப்பினார். எனக்குப் பாக்கின் ஃபியூக்கைவிட இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவ்வளவு பெரிய ஆளே மன்னர் முன்னால், இது இப்போது வேண்டாம், வேறு ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்று செய்திருக்கிறார். நாம் எதற்கு வீறாப்பு காட்ட வேண்டும்?

'ஆமாம், அப்புறம்?'

மேடை நாடகத்தில் எழுதாத காட்சிகளை நடிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. கூட நடிப்பவர் என்ன சொன்னாலும் அதை மறுக்கக் கூடாது, ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த மாதிரி நாடக விளையாட்டுகளை அமெரிக்காவில் முறைப்படுத்தியவர் வயோலா ஸ்போலின். அவர் குழந்தைகளோடு வேலை செய்யும்போதுதான் பலவற்றை உருவாக்கினார். குழந்தைகளிடமிருந்து வந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் நானும் அக்கா மகளிடம்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. படுக்கையில் கதை.

"ஒரு காட்டுல ஒரு புலி இருந்துச்சாம்."

"அது கண்ணாடி போட்டிருந்துச்சு, சித்தி."

"புலி எங்கடி கண்ணாடி போடும்?" என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கி, திரும்பிப் படுத்துக்கொண்டாள். கதை அங்கேயே செத்துவிட்டது. புத்தி வந்து, கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, கண்ணாடி போட்டிருந்துச்சு. அப்புறம் என்னாச்சுன்னா, இடது பக்கக் கண்ணாடி உடைஞ்சு போச்சு" என்றேன். மெதுவாகத் திரும்பினாள்.

"அதனால பாதி மான்தான் தெரிஞ்சுது" என்றாள்.

பாதி மான்! எனக்கு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. பாதி மானைப் பார்த்துப் பயந்த புலி, மீதிப் பாதியைத் தேடிக் காடு முழுக்க அலைந்தது. முக்கால் மணி நேரம் போனது கதை.

பக்கவாத்தியம் வாசிப்பதும் இதுதான். பாடகர் ஒரு பிடியைப் போட்டுவிட்டு நிறுத்தினால், அதைக் கையில் வாங்கி, கடைசி இரண்டு ஸ்வரத்தை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுப்பேன். எனக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த அருமையான பிடி ஒன்று இருக்கும். அதைச் செருகினால் தனியாகத் தெரியும். அவர் பாடும்போது நான் என் அடுத்த பிடியை யோசித்தால், அவர் பாடியது காதில் விழாது. அலுவலகக் கூட்டங்களில் இதைப் பார்க்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் எல்லோரும் தங்கள் முறைக்கு வாயைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள்.

பழக வேண்டுமா? ஒரு நாள் முழுக்க, யாரோடு பேசினாலும், அவர் சொன்ன கடைசிச் சொல்லிலிருந்து உங்கள் பதிலைத் தொடங்குங்கள். கொஞ்சம் அசடு வழியும். பரவாயில்லை.

தப்பு விழுந்தால்

தப்பு வந்தால் அதையே இன்னும் இரண்டு தரம் செய், வேண்டுமென்று செய்ததாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். ஜாஸில் இது ஓரளவு நடக்கும். அங்கே பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் இடம் உண்டு, தவறான ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் தள்ளிச் சரியான ஸ்வரம் காத்திருக்கும். ராகத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. மோகனத்தில் மத்தியமம் (ம) பட்டுவிட்டது என்று வையுங்கள். மோகனத்துக்கு ஸ ரி க ப த மட்டும்தான். மத்தியமத்தை இன்னொரு தரம் தொட்டால் தப்பு இரண்டாகிவிடும். நான் செய்வது, விரலை எடுக்காமல் அப்படியே காந்தாரத்துக்கு (க) வழுக்கி இறக்கிவிட்டு, காந்தாரத்தில் நீளமாக நிற்பேன். காது கடைசியாகக் கேட்டதைத்தான் பிடித்துக்கொள்ளும். நடக்கவே நடக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்தி. முகம் சுளித்தால் கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும்.

தப்பைவிடத் தொல்லை, தப்பு வருமோ என்று உள்ளே உட்கார்ந்து கண்காணிக்கும் ஆள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு தொழில்முறை ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, சின்னக் கீபோர்டு ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்ததைவிட, தோன்றியபடி வாசித்தபோது முன்மூளையின் பக்கவாட்டில் சில பகுதிகள் அடங்கியிருந்தன. திட்டமிடுவதோடும் நம்மை நாமே கண்காணிப்பதோடும் தொடர்புள்ள பகுதிகள் அவை. அந்த ஆளைக் கட்டளை போட்டு வெளியேற்ற முடியாது. வேறு வேலை கொடுக்கலாம். நான் அவருக்குத் தாளத்தை எண்ணும் வேலையைக் கொடுத்துவிடுவேன். பேசும்போது, முன் வரிசையில் ஒருவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிகிறதா என்று கவனிக்கும் வேலை.

வீட்டில், வழியில்

பொருள்களோடு ஒப்பேற்றும்போது என் வழக்கம் ஒன்றுதான். இல்லாததைப் பற்றிப் புலம்பும் முன், இருப்பதை எல்லாம் மேஜையில் கொட்டிவிடுவேன். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மூன்று பேரும் நிலவில் இறங்குவதற்கான கலத்துக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. அங்கே கரியமில வாயு ஏறத் தொடங்கியது. காற்றைச் சுத்தம் செய்யும் டப்பாக்கள் தாய்க் கலத்தில் நிறைய இருந்தன, ஆனால் அவை சதுரம். இந்தக் கலத்தின் துளையோ வட்டம். தரையில் இருந்த பொறியாளர்கள் கலத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். பிளாஸ்டிக் பை, கையேட்டு அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு டேப். செய்து பார்த்து, செய்முறையை வாயாலேயே மேலே சொன்னார்கள். வேலை செய்தது.

என் கதை இவ்வளவு பெரிசில்லை. மூக்குக்கண்ணாடியின் திருகாணி விழுந்துவிட்டது, இன்னும் அரை மணியில் ஸ்வரத்தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். கைப்பையை மேஜையில் கொட்டினேன். ஊக்கு தடிமனாக இருந்தது, நூல் வழுக்கியது. பெட்டி மூலையில் அன்று அறுந்த அதே பஞ்சமத் தந்தி சுருண்டு கிடந்தது. ஒரு துண்டு நறுக்கி, கீல் துளையில் நுழைத்து, இரண்டு முறை முறுக்கினேன். எட்டு மாதம் அப்படியே ஓடியது. கண்ணாடிக்கடைக்காரர்தான் பார்த்துவிட்டு, "இது என்னங்க?" என்றார்.

ஒப்பேற்றக் கூடாத இடங்களும் உண்டு. ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். ஃபியூஸ் கம்பியின் வேலையே உருகுவது. உருகாத கம்பி போட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும். மருந்தின் அளவு, பிரேக், கேஸ் குழாய், இவற்றிலும் மனோதர்மம் வேண்டாம். இன்னொன்று, இது என் தொழில் சார்ந்த கோபம்: அடுத்தவர் நேரத்தில் கற்பனை செய்யாதீர்கள். பாடகர் நாலு நிமிடம் பாடிய ராகத்துக்கு ஒன்பது நிமிடம் வாசித்த பக்கவாத்தியத்தைக் கேட்டிருக்கிறேன். எல்லாம் நல்ல பிடிகள்தான். பாடகர் இரண்டு தரம் தண்ணீர் குடித்துவிட்டார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. செய்து முடித்தவுடன், அது ஆறுவதற்குள், பதிவு செய்யுங்கள். போனில் ஒரு நிமிடம் முணுமுணுத்தால் போதும். நான் வாசித்ததில் எது நன்றாக வந்தது என்று மறுநாள் காலை எனக்கே ஞாபகம் இருப்பதில்லை. ஞாபகம் வைத்துக்கொள்பவர்கள் வேறு இருக்கிறார்கள் என்பது அந்தப் புலிக் கதைக்கு மறுநாள் இரவு தெரிந்தது. "நேத்து கதையே சொல்லு" என்றாள். சொன்னேன். மூன்றாவது வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"வலது கண்ணாடி இல்ல சித்தி. இடது."